எண்ணப்படாத இழப்பு: நெய்வேலியிலிருந்து மென்பொருள் துறைக்குச் சென்ற முதல் தலைமுறை

2025 ஜூலை இறுதியில், நாட்டின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ்., தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரை, அந்த நிதியாண்டுக்குள் பணியிலிருந்து விடுவிக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் நிறுவனம் தன் மைசூரு வளாகத்தில் பயிற்சியிலிருந்த 300-க்கும் மேற்பட்ட இளைஞர்களை, உள்தேர்வில் தேறவில்லை என்று கூறி வெளியேற்றியது. அவர்களில் பலர் 2022-ல் பணியாணை பெற்று, வேலையில் சேரவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்கள். இதற்கு முன்பே, 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகிய மூன்று நிறுவனங்களின் ஊழியர் எண்ணிக்கை மொத்தமாக ஏறத்தாழ 64,000 குறைந்திருந்தது.

வணிக ஏடுகள் இச்செய்திகளைப் பங்கு விலையோடும் இலாப விகிதத்தோடும் சேர்த்து அலசின. செயற்கை நுண்ணறிவு எத்தனை வேலைகளை விழுங்கும் என்று வல்லுநர்கள் விவாதித்தனர். ஆனால் ஒரு கேள்வி எங்கும் எழவில்லை. வெளியேற்றப்பட்டவர்களில் தலித்துகள் எத்தனை பேர்? கேட்டிருந்தாலும் விடை கிடைத்திருக்காது. பணியில் இருந்தபோதே அவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை எந்த நிறுவனமும் வெளியிட்டதில்லை. இருப்பே எண்ணப்படாத இடத்தில் இழப்பை எப்படி எண்ணுவது?

நெய்வேலியில் வளர்ந்து, பதினான்கு ஆண்டுகளாகச் சென்னையில் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கும் எனக்கு இக்கேள்வி வெறும் புள்ளிவிவரம் சார்ந்ததன்று. நெய்வேலி நகரியத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் பழைய மகாபலிபுரம் சாலைக்குச் சென்ற ஒரு தலைமுறையின் எதிர்காலம் இதில் அடங்கியிருக்கிறது.

நெய்வேலி திறந்த வாசல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. இத்தகைய வட்டாரத்தில்தான் 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாக்கப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் ஒத்துழைப்புடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது.

சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட நிலங்களுக்கு உரியவர்கள் இழப்பீடு பெற்றனர். அந்நிலங்களில் நடவு நட்டும் களை பறித்தும் வாழ்ந்த கூலித் தொழிலாளருக்கு 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் இடமில்லை. நிலம் போனவர் மட்டுமே அச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தார். வேலை போனவர் தெரியவில்லை. நிலத்தைச் சார்ந்து பிழைத்த நிலமற்றவரும் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரே என்று சட்டம் ஏற்றுக்கொள்ள 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எண்ணப்படாமல் போவது இவ்வட்டாரத்துச் சேரிகளுக்குப் புதிய அனுபவமன்று.

இருப்பினும் பொதுத்துறை நிறுவனம் வேறொரு வாசலைத் திறந்தது. நிரந்தர வேலைகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு இருந்தது. ஒவ்வொரு பணியிடமும் எந்தப் பிரிவுக்குரியது என்று காட்டும் சுழற்சிப் பதிவேடு பராமரிக்கப்பட்டது. ஒதுக்கீட்டைக் கண்காணிக்கத் தனி அலுவலர் இருந்தார். எத்தனை பேர் எந்தப் பிரிவில் பணிபுரிகின்றனர் என்பது ஆண்டறிக்கையில் வெளியானது. நிரப்பப்படாத இடங்களும் மறுக்கப்பட்ட பதவி உயர்வுகளும் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவற்றை எதிர்த்து வாதாட ஒரு கணக்கு கையில் இருந்தது.

அந்தக் கணக்கின் விளைவு நகரியத்தின் தெருக்களிலும் தெரிந்தது. நகரியத்துக் குடியிருப்புகள் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, பதவித் தரத்தின்படி ஒதுக்கப்பட்டன. “எந்த வட்டம்?” என்று கேட்டால் தந்தையின் பதவி ஓரளவு தெரிந்துவிடும். ஊர், சேரி என்று பிளவுபட்ட கிராமத்திலிருந்து வந்த தலித் குடும்பம், வேறு சாதிக் குடும்பத்துக்கு அடுத்த வீட்டில் குடியேறியது. சாதி அங்கு ஒழிந்துவிடவில்லை. ஆயினும் வீடு எந்தத் தெருவில் அமைய வேண்டும் என்பதைச் சாதி தீர்மானிக்காத ஓர் இடத்தில், பள்ளிக்கூடமும் நூலகமும் மருத்துவமனையும் நடந்து செல்லும் தொலைவில் இருக்க, ஒரு தலைமுறைத் தலித் பிள்ளைகள் வளர்ந்தனர்.

வாசல் குறுகிய விதம்

இந்த வாசலை எவரும் ஒரே நாளில் அடைத்துவிடவில்லை. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரந்தரப் பணியாளர்களால் நிரப்பப்படாமல், அதே வேலைகள் ஒப்பந்ததாரர்கள் வழியாகவும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் செய்யப்பட்டன. ஒப்பந்ததாரர் எடுக்கும் ஆளுக்குச் சுழற்சிப் பதிவேடு கிடையாது. ஒரே சுரங்கத்தில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு நகரியத்தில் வீடும் ஓய்வூதியமும் கிடைக்க, மற்றவர் நகரியத்துக்கு வெளியே வாடகை வீட்டிலோ கிராமத்திலோ வாழ்கிறார். பணி நிரந்தரம் கோரி 2012-ல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நீண்ட வேலைநிறுத்தம் செய்தனர். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது 6 தொழிலாளர்கள் அன்றே இறந்தனர். பின்வந்த நாட்களில் அந்த எண்ணிக்கை இருமடங்கைத் தாண்டியது. நிரந்தரம் மறுக்கப்பட்டவர்களுக்கு ஆபத்து மறுக்கப்படவில்லை.

நிறுவனத்தின் உரிமையும் கைமாறும் நிலைக்கு வந்தது. 2013-ல் ஒன்றிய அரசு தன் பங்குகளில் ஒரு பகுதியை விற்க முனைந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தமிழ்நாடு அரசு தன் பொதுத்துறை நிறுவனங்கள் வழியாக 3.56 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியதால் அவை தனியார் கைக்குச் செல்லவில்லை. 2022-ல் பட்டதாரிப் பொறியாளர்களை ‘கேட்’ தேர்வு மதிப்பெண்ணின் அடிப்படையில் தெரிவு செய்தபோது, பட்டியலிலிருந்த 299 பேரில் தமிழ்நாட்டினர் எங்கே என்று மாநிலத்தின் அரசியல் கட்சிகள் கேட்டன. நிலம் கொடுத்த மண்ணின் பிள்ளைகளுக்குப் பொறியாளர் பணி எட்டாக்கனியாகிறது என்ற கோபம் அக்கேள்வியில் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நிலமே இல்லாதிருந்தவரின் பிள்ளைகள் பற்றிய பேச்சு அப்போதும் மெல்லிய குரலில்தான் ஒலித்தது.

மென்பொருள் என்னும் இரண்டாம் வாசல்

பொதுத்துறை குறுகிய அதே காலத்தில் மென்பொருள் துறை விரிந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2007-08 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு இல்லாமல் போனது. 2010-11 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை, சுயநிதிக் கல்லூரியின் கதவையும் ஓரளவு திறந்தது. ஒரு கட்டத்தில் மாநிலத்தில் 500-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இயங்கின. ஒப்பந்தத் தொழிலாளியின் மகளும் விவசாயக் கூலியின் மகனும் பொறியாளர் ஆவது இயலக்கூடியதாயிற்று.

இந்த மாற்றத்தை உண்டாக்கியவை அரசின் சமூகநீதித் திட்டங்கள். அதன் பயனைப் பெற்ற மென்பொருள் நிறுவனங்களோ, தங்கள் வாயிலில் அந்தச் சமூகநீதியை நிறுத்திவிட்டன. தனியார் துறையில் இட ஒதுக்கீடு பற்றி 2006-ல் ஒன்றிய அரசு பேசியபோது, தொழில் கூட்டமைப்புகள் சட்டம் வேண்டாம், தாமாகவே முன்வந்து செய்கிறோம் என்று நடத்தை நெறிகளை வகுத்தன. இருபது ஆண்டுகளாகிவிட்டன. தாமாக முன்வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சரிபார்க்கும் சாதிவாரிக் கணக்கு எதுவும் மென்பொருள் துறையில் பொதுவெளிக்கு வரவில்லை.

வாயிலில் நடப்பதை ஆய்வாளர்கள் அப்போதே பதிவு செய்தனர். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு சாதியைக் காட்டும் பெயர்களுடன் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினர். தலித் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர்களுக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் உரையாடி, ‘குடும்பப் பின்னணி’ என்ற சொல்லுக்குள் சாதி எவ்வாறு ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டினர். தமிழ்நாட்டில் பெயரில் சாதி ஒட்டு இல்லாததால் நாம் தப்பிவிட்டோம் என்று சிலர் எண்ணலாம். சொந்த ஊர், தந்தையின் தொழில், படித்த பள்ளி, உணவுப் பழக்கம், ஆங்கில உச்சரிப்பு என்று ஐந்து கேள்விகள் போதும். என் பணிக்காலத்தில் இவை நேர்காணல் அறையைவிடத் தேநீர் இடைவேளையில்தான் மிகுதியாகக் கேட்கப்பட்டன. பதில்கள் எங்கும் பதிவாவதில்லை. ஆனால் மதிப்பீட்டுக் காலத்தில் மறக்கப்படுவதும் இல்லை.

அடித்தளம் சுருங்கும்போது

இந்திய மென்பொருள் சேவைத் துறை ஒரு கூம்பு போன்றது. அடியில் ஆயிரக்கணக்கான புதிய பட்டதாரிகள், நடுவில் குழுத் தலைவர்கள், உச்சியில் சில மேலாளர்கள். அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களிடம் பெரும்பாலும் எத்தனை பேர் எத்தனை மணிநேரம் உழைத்தனர் என்ற கணக்கில் கட்டணம் வசூலிக்கப்பட்டது. அதனால் அடித்தளம் அகலமாக இருப்பதே நிறுவனத்துக்கு இலாபம். புதியவர்களின் ஆண்டு ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக மூன்று, நான்கு இலட்சம் ரூபாய்க்குள்ளேயே நின்றது. 2024-ல் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு காக்னிசன்ட் அறிவித்த 2.52 இலட்சம் ரூபாய் ஆண்டு ஊதியம் பெரும் கேலிக்கு உள்ளானது.

ஊதியம் குறைவுதான். ஆனால் அந்த அகன்ற அடித்தளம்தான் கிராமப்புறச் சுயநிதிக் கல்லூரியில் படித்தவருக்குக் கிடைத்த ஒரே நுழைவிடம். சோதனைப் படிவங்களை எழுதுவது, பழைய நிரல்களைப் பராமரிப்பது, இரவுப் பணியில் வாடிக்கையாளரின் புகார்களைத் தீர்ப்பது முதலிய வேலைகளில் அமர்ந்தபடிதான் என் தலைமுறையினர் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதவும், கூட்டத்தில் எதிர்த்துப் பேசவும், தொழிலின் நுட்பங்களைப் பழகவும் கற்றனர். வீட்டில் கிடைக்காத, கல்லூரியும் தராத பயிற்சியை அந்த அடித்தட்டு வேலை தந்தது.

செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைப்பது அந்த வேலைகளில்தான். நான் சேர்ந்த காலத்தில் ஒரு வங்கியின் செயலியைச் சோதிக்க இருபது பேர் கொண்ட குழு தேவைப்பட்டது. அதே அளவு வேலையை இப்போது நான்கைந்து பேர் கருவிகளின் துணையோடு முடிக்கின்றனர். மிச்சமாகும் கூலியில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கட்டணத்தைக் குறைக்கக் கோருகின்றனர். எனவே நிறுவனங்கள் புதியவர்களைக் குறைவாக எடுத்து, எடுப்பவர்களையும் தரம் பிரிக்கின்றன. டி.சி.எஸ். தேர்வில் ‘நிஞ்சா’, ‘டிஜிட்டல்’, ‘பிரைம்’ என மூன்று தட்டுகள் உண்டு. ஒரே நாளில் ஒரே கல்லூரியிலிருந்து சேரும் இருவரின் ஊதியம் இருமடங்குக்கு மேல் வேறுபடுகிறது. மேல்தட்டுக்கான தேர்வில் வெல்லப் பள்ளிக் காலத்திலேயே கணினியும் பயிற்சி வகுப்பும் ஓய்வு நேரமும் வேண்டும். விடுமுறையில் கூலி வேலைக்குச் செல்லும் மாணவரிடம் இவற்றில் எது இருக்கும்?

தேர்வு செய்யும் பொறுப்பும் மெல்லக் கருவிகளிடம் செல்கிறது. அமேசான் உருவாக்கிய ஆள்தேர்வுக் கருவி, பத்தாண்டு கால விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகி, பெண்களின் விண்ணப்பங்களைக் கீழிறக்கியதை 2018-ல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொணர்ந்தது. ஆண்களே மிகுதியாக எடுக்கப்பட்ட வரலாற்றைக் கருவி தகுதியென்று புரிந்துகொண்டது. சாதி வரலாற்றில் பழகும் கருவி எதைத் தகுதியென்று கற்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. பாலினப் பாகுபாடு அங்கே கண்டுபிடிக்கப்பட்டது, பாலினம் கணக்கில் இருந்ததால்தான். சாதி கணக்கில் இல்லாத இடத்தில் கருவியின் பாகுபாட்டை எவர் கண்டுபிடிப்பார்?

ராஜினாமா என்னும் பெயரில்

வேலை இழப்பிலும் இதே மறைப்பு தொடர்கிறது. தொழில் தகராறுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் உள்ள தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்பட்டது. அந்த எண்ணிக்கை 100 ஆக இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு அதை 300 ஆக உயர்த்திவிட்டது. நெய்வேலிச் சுரங்கம் இந்த வரையறைக்குள் வருகிறது. ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் மென்பொருள் வளாகம் வருவதில்லை. அங்கு முன்னறிவிப்பும் இழப்பீடும் மட்டுமே சட்டக் கடமை.

அந்தக் கடமையையும் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. ஊழியரை ஓர் அறைக்கு அழைத்து, தாமாகவே விலகினால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகக் கிடைக்கும், மறுத்தால் எதிர்காலம் கெடும் என்று கூறிக் கையெழுத்து வாங்குவது. இத்தகைய அறைகளுக்குள் சென்று திரும்பிய நண்பர்களை நான் அறிவேன். ஆவணத்தில் அது ராஜினாமா. ஆட்குறைப்புக் கணக்கில் அது சேராது. அடுத்த வேலை தேடும் ஆறு மாதங்களைத் தாங்க, சிலருக்குத் தந்தையின் சேமிப்பும் சொந்த வீடும் துணை நிற்கும். தங்கையின் கல்விக் கடனையும் ஊரில் கட்டும் வீட்டின் தவணையையும் சுமக்கும் முதல் தலைமுறை ஊழியருக்கு இரண்டாம் மாதமே நெருக்கடி. ஒரே நாளில் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்ட இருவர் இழப்பது ஒரே அளவன்று.

தமிழ்நாட்டில் மென்பொருள் ஊழியர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்பதை 2016-ல் மாநிலத் தொழிலாளர் துறை தெளிவுபடுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு, டி.சி.எஸ். பணிநீக்கத்தை எதிர்த்துக் கருவுற்றிருந்த ஊழியர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. அதைக் கையில் எடுக்கும் அமைப்புதான் சிறிதாக இருக்கிறது. சிறிய அந்தச் சங்கங்களும் சாதியைப் பேசத் தயங்கினால், ஊதியம் பற்றிய கோரிக்கைக்குள் நம் கோரிக்கை மீண்டும் கரைந்துவிடும். தொழிலாளர் இயக்கம் சாதியைப் பேசாமல் நகர முடியாது என்று அம்பேத்கர் 1938-ல் மன்மாடில் இரயில்வேத் தொழிலாளர்களிடம் விளக்கினார். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தலித்துகள் அனுமதிக்கப்படாததைச் சுட்டிக்காட்டி, சங்கங்களின் மௌனத்தை அவர் கேள்விக்குள்ளாக்கினார். எந்தப் பிரிவில் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கே அன்றும் அவருடைய வாதத்தின் அடிப்படை.

எண்ணுவதில் உள்ள அச்சம்

சாதியை எண்ணுங்கள் என்ற கோரிக்கைக்கு முதலாளிகளிடமிருந்து மட்டும் எதிர்ப்பு வருவதில்லை. மென்பொருள் துறையில் தம் சாதியை மறைத்து வாழும் தலித்துகள் பலர். கணக்கெடுப்பு தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 2020-ல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா மாநில அரசு தொடுத்த வழக்கில், ஒரு தலித் பொறியாளர் இட ஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதை மேலதிகாரி சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. எனினும், சாதி தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற நடுக்கம் கடல் கடந்தும் தொடர்கிறது என்பதை அவ்வழக்கு உலகுக்குச் சொன்னது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார்.

ஆனால் தனிமனிதரை அடையாளம் காட்டாமலே எண்ண முடியும். விருப்பத்தின்பேரில், பெயரின்றி, நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பிடம் தரவு தரப்பட்டு, மொத்த எண்ணிக்கைகள் மட்டும் வெளியானால் போதும். அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்கள் இன, பாலினவாரிக் கணக்கை ஆண்டுதோறும் அரசுக்குத் தருகின்றன. அங்கே இயங்கும் இந்திய நிறுவனங்களும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் எத்தனை பேர் என்று அங்கே எண்ணித் தரக்கூடிய நிறுவனங்களுக்கு, இங்கே பட்டியல் சாதியினரை எண்ணுவது மட்டும் ஏன் இயலாத செயலாகிறது?

இந்தியாவிலும் ஒரு பாதி வழி ஏற்கனவே இருக்கிறது. பங்குச் சந்தையில் முன்னிலையிலுள்ள 1,000 நிறுவனங்கள், செபியின் விதிப்படி 2022-23 முதல் பொறுப்புடைமை அறிக்கை வெளியிடுகின்றன. பெண் ஊழியர் எத்தனை, மாற்றுத்திறனாளி ஊழியர் எத்தனை என்ற விவரங்கள் அதில் உண்டு. சாதி பற்றிய கட்டம் இல்லை.

தகுதி கெட்டுவிடும் என்ற பழைய வாதத்துக்கு நெய்வேலியே பதில். இட ஒதுக்கீட்டில் வந்தவர்களும் சேர்ந்து இயக்கிய அலகுகள்தான் அறுபது ஆண்டுகளாகத் தென்மாநிலங்களுக்கு மின்சாரம் தருகின்றன. தகுதி பேசும் நிறுவனங்களோ வரிவிலக்கையும், சிறப்புப் பொருளாதார மண்டலத்தையும், அரசு எழுப்பிய கட்டடங்களையும் சலுகையாகப் பெற்று வளர்ந்தவை.

உடனடியாகக் கோர வேண்டியவை

ஒன்று, செபியின் அறிக்கைப் படிவத்தில் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் விவரம் பதவித் தட்டுவாரியாகச் சேர்க்கப்பட வேண்டும். பணியில் சேர்ந்தோர், விலகியோர் இரு கணக்கிலும் அது இடம்பெற வேண்டும். இரண்டு, தமிழ்நாடு அரசின் டைடல், மினி டைடல் பூங்காக்களில் இடமும் சலுகையும் பெறும் நிறுவனங்களுக்கு இக்கணக்கை வெளியிடுவது நிபந்தனையாக்கப்பட வேண்டும். இதற்கு ஒன்றியச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்று, ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்கள் எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தன என்பதோடு, பயிற்சி பெற்ற தலித் மாணவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் வேலையில் நீடிக்கின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு, 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி சேர்க்கப்படுகிறது. சாதியையும் தொழிலையும் இணைத்துக் காட்டும் அட்டவணைகள் வெளியாக வேண்டும் என்று இப்போதே வலியுறுத்த வேண்டும். இவற்றின் அடிப்படையில்தான் தனியார் துறை இட ஒதுக்கீட்டுக்கான சட்டப் போராட்டம் வலுப்பெறும்.

கல்லூரி மாணவர்கள் அரசை எதிர்பார்க்காமலே தொடங்கக்கூடிய வேலையும் உண்டு. தங்கள் கல்லூரியில் கடந்த ஐந்தாண்டுகளில் வளாகத் தேர்வு வழியாகப் பணியாணை பெற்ற தலித் மாணவர்களில் எத்தனை பேர் உண்மையில் சேர்க்கப்பட்டனர், எந்த ஊதியத் தட்டில் சேர்ந்தனர், இன்று எங்கே இருக்கின்றனர் என்பதை அம்பேத்கர் வாசகர் வட்டங்கள் பெயர்களை வெளியிடாமல் தொகுக்கலாம். கடலூர் மாவட்டத்தின் சில கல்லூரிகளில் மட்டும் இதைச் செய்தாலே, இதுவரை எவரிடமும் இல்லாத ஓர் ஆவணம் நம் கையில் இருக்கும். அடுத்த ஆட்குறைப்பு அறிவிப்பு வரும் நாளில், நம்மில் எத்தனை பேர் என்ற கேள்வியை ஓர் எண்ணோடு எழுப்ப அது போதும்.